கண்ணாடிக் குழாயில் ஓடியது கோபுரத்தில் ஓடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம், இரும்புத் தாதுப் பொடியை ஹைட்ரஜனால் இரும்பாக்கும் ஒரு சோதனை உலையைப் பற்றிக் கட்டுரை வந்திருந்தது. தாதுவிலுள்ள ஆக்சிஜனைக் கரிக்குப் பதில் ஹைட்ரஜன் பிடுங்கிக்கொள்கிறது, கார்பன் டைஆக்சைடுக்குப் பதில் நீராவி வெளியேறுகிறது என்பதைப் பள்ளி மாணவருக்கும் விளங்கும்படி எழுதியிருந்தார்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் மூன்று இடங்களில் மேலே படிக்க முடியாமல் நின்றுவிட்டேன். ஒன்று, அந்த உலையின் வகையான பாய்மப் படுகை, அதாவது அடியிலிருந்து வாயுவை ஊதிப் பொடியை நீர்மம்போல் நடக்கவைக்கும் முறை, "முற்றிலும் புதிய தொழில்நுட்பம்" என்ற வரி. இரண்டு, "ஐந்தே ஆண்டுகளில் உருக்காலைகளுக்கு வந்துவிடும்" என்ற உறுதி. மூன்று, படத்துக்குக் கீழே இருந்த குறிப்பு: "கொப்பளிக்கும் குமிழிகள், வினை வேகமாக நடப்பதைக் காட்டுகின்றன."

நான் வேலை பார்த்த காலத்தின் பெரும்பகுதி ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் எஃப்.சி.சி. பிரிவில், அதாவது கனமான எண்ணெயை வினையூக்கிப் பொடியின் மேல் உடைத்துப் பெட்ரோலாக்கும் பிரிவில் போனது. கடைசி சில ஆண்டுகள் சுழல் பாய்மப் படுகைக் கொதிகலன் ஒன்றின் பொறுப்பு. ஆலைக்குள் யாரும் பாய்மப் படுகை என்று சொல்லமாட்டோம், வெறும் "பெட்" தான். "பெட் எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டுதான் ஷிப்ட் மாறுவோம். அதனால் இந்த மூன்றையும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தப் படக்குறிப்பு. ஒரு பாத்திரத்தில் மணலையோ வினையூக்கிப் பொடியையோ நிரப்பி, அடியில் துளையிட்ட தட்டு வழியாகக் காற்றை மேல்நோக்கிச் செலுத்துகிறோம். காற்று மெதுவாகப் போனால் பொடி அசையாது, இடுக்குகளில் நுழைந்து காற்று வெளியேறிவிடும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் காற்றின் இழுவையும் பொடியின் எடையும் சமமாகும். அந்த நொடியிலிருந்து பொடி நீர்மம்போல் நடக்க ஆரம்பிக்கிறது. மேற்பரப்பு தானாகவே மட்டமாகிறது. பக்கச்சுவரில் துளையிட்டால் ஒழுகுகிறது. அடர்த்தி குறைந்த பொருள் மிதக்கிறது, கூடியது மூழ்குகிறது. அடிக்கும் மேலுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு, அந்தப் பரப்பின் மேல் கிடக்கும் பொடியின் எடைக்குச் சமமாக நின்றுவிடும். பேனலில் அந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே உள்ளே எத்தனை டன் பொடி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதற்கும் மேலே வேகத்தைக் கூட்டினால், கூடுதல் காற்றில் பெரும்பகுதி குமிழிகளாக எழும்பும். பார்ப்பதற்குக் கொதிக்கும் நீர்போல இருக்கும். ஆனால் குமிழிக்குள் பொடி கிட்டத்தட்ட இல்லை. பொடியைத் தொடாமல் மேலே ஓடிவிடும் வாயு அது. குமிழி பெரிதாக ஆக, வினையில் சேராமல் தப்பித்துப் போகும் வாயுவின் அளவும் கூடும். உங்கள் படக்குறிப்பு விஷயத்தை அப்படியே தலைகீழாகச் சொல்லிவிட்டது. குமிழி ஒரு நன்மையும் செய்வதில்லை என்று சொல்லவில்லை, பொடியைக் கலக்கிவிடுவதே அதுதான். ஆனால் அதை வினையின் வேகத்துக்குச் சாட்சியாக நிறுத்தக் கூடாது.

இந்தக் கலக்கல்தான் தொழிற்சாலைகளை இதன் பக்கம் இழுத்தது. அசையாத வினையூக்கிப் படுகையில் வெப்பம் உமிழும் வினை நடந்தால், ஏதாவது ஓர் இடத்தில் சூடு குவிந்து வினையூக்கி கருகும். பாய்மப் படுகையிலோ பல மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சில டிகிரிக்குள் அடங்கியிருக்கும். உள்ளே குழாய்களை நட்டு நீராவி எடுக்கலாம். கெட்டுப்போன பொடியை ஆலையை நிறுத்தாமலே இறக்கிப் புதியதைச் சேர்க்கலாம். இதற்கெல்லாம் ஈடாகக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. பொடி ஒன்றோடொன்று உரசித் தேய்கிறது, சுவரையும் குழாயையும் தேய்க்கிறது, மேலே பறந்து போகிறது, சமயத்தில் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பொறியியலில் பாதி, திடப்பொருளைச் சமாளிப்பதுதான்.

இனி "புதிய தொழில்நுட்பம்" விஷயம். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்லர் பொடி நிலக்கரியைப் பாய்மப் படுகையில் வாயுவாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1922-ல். 1926-ல் லொய்னாவில் அது தொழில் அளவில் ஓடியது. இந்த ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், இதைப் புதியது என்று எழுத எந்த இடமும் இல்லை.

ஆனாலும் இதை உலகத் தொழிலாக்கியது பெட்ரோல்தான். கனமான எண்ணெயை வினையூக்கியின் மேல் உடைத்துப் பெட்ரோலாக்கும்போது, சில நொடிகளிலேயே வினையூக்கியின் மேல் கரி படிந்து அது செத்துவிடும். 1930-களில் யூஜின் ஹூட்ரி அசையாத படுகைகளை வைத்து இதைச் செய்தார். ஒரு படுகையில் எண்ணெய் ஓடும்போது இன்னொன்றில் கரியை எரிக்க வேண்டும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை வால்வுகளை மாற்றி மாற்றித் திறக்க வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த வாரன் லூயிஸும் எட்வின் கில்லிலண்டும், வினையூக்கியைப் பொடியாக்கி ஓடவிட்டுவிடலாமே என்ற வழியில் வேலை செய்தார்கள். ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் நியூஜெர்சி அதை எடுத்துக்கொண்டு, 1942 மே மாதம் லூசியானாவின் பேட்டன் ரூஜில் முதல் ஆலையை ஓட்டியது. போர் நடந்துகொண்டிருந்தது, விமானப் பெட்ரோல் அவசரமாகத் தேவைப்பட்டது. அந்த அவசரம் இல்லையென்றால் இத்தனை வேகமாக அது கட்டப்பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இன்றைய எஃப்.சி.சி. அலகைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், என் கை பழகியது அதில்தான். ரைசர் என்ற நெட்டுக்குத்தான குழாயின் அடியில் சூடான வினையூக்கியும் எண்ணெயும் சந்திக்கின்றன. எண்ணெய் ஆவியாகி, பொடியையும் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று நொடிகளில் மேலே போய்விடும். அதற்குள் உடைய வேண்டியது உடைந்திருக்கும். வெப்பநிலை 520, 530 டிகிரி செல்சியஸ். மேலே சைக்ளோன்கள் என்ற சுழற்சிப் பிரிப்பான்கள் பொடியைப் பிரிக்கின்றன. கரி படிந்த பொடி, அதைப் புதுப்பிக்கும் ரீஜெனரேட்டருக்கு இறங்கி, அங்கே 700 டிகிரி வாக்கில் கரி எரிக்கப்படுகிறது. அந்த எரிப்பில் கிடைக்கும் சூட்டைத்தான் பொடி திரும்ப ரைசருக்குக் கொண்டுவந்து எண்ணெயை உடைக்கிறது. வெளியிலிருந்து எரிபொருள் தேவையே இல்லை, கழிவாகப் படியும் கரியே அடுப்பு. நாளைக்கு 50,000 பேரல் எண்ணெயை எடுத்துக்கொள்ளும் அலகில் நிமிடத்துக்குச் சுமார் 30 டன் பொடி இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும். இதைத் தள்ளுவதற்குப் பம்ப் ஏதும் கிடையாது. இறங்குகுழாயில் அடர்த்தியாக நிற்கும் பொடியின் எடை ஒருபக்கம், ரைசரில் வாயுவோடு கலந்து லேசாகிப் போன பொடி மறுபக்கம். அந்த வித்தியாசம்தான் முழு ஓட்டத்துக்கும் காரணம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் "பம்ப் எங்கே?" என்று தேடச் சொல்வது எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். அரைமணி நேரம் ஏணி ஏறி இறங்கிவிட்டு வருவார்கள்.

இறங்குகுழாயின் அடியில் ஸ்லைடு வால்வு இருக்கும். அதன் மேல்பக்க அழுத்தம் கீழ்ப்பக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும்வரை எல்லாம் சுகம். ஒருபக்கம் காற்று, மறுபக்கம் எண்ணெய் ஆவி, நடுவில் இருப்பது பொடியால் ஆன ஒரு தடுப்பு மட்டுமே. அந்த அழுத்த வேறுபாடு குறைந்தால் வால்வு தானாகவே மூடிக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள். ஆனால் பொடி ஓடி ஓடி வால்வின் தட்டையே அரித்துவிடும், மூடினாலும் முழுதாக மூடாது. கலிபோர்னியாவின் டோரன்ஸில் 2015 பிப்ரவரியில் நடந்தது இதுதான். அலகை நிறுத்தி வைத்திருந்தபோது, தேய்ந்த வால்வால் பொடித் தடுப்பைப் பிடித்துவைக்க முடியவில்லை. எண்ணெய் ஆவி ரீஜெனரேட்டர் வழியாகப் போய், புகைக்குழாயில் தூசு பிடிக்கும் மின் வடிகட்டியில் வெடித்தது. 2018 ஏப்ரலில் விஸ்கான்சினின் சுப்பீரியரில் எதிர்த்திசையில் நடந்தது. அங்கே தேய்ந்த வால்வு வழியாகக் காற்று எண்ணெய்ப் பக்கம் புகுந்தது. இரண்டையும் அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. இரண்டுமே அலகு முழு வீச்சில் ஓடும்போது நடந்தவை அல்ல, நிறுத்தும் நேரத்திலும் நிறுத்தி வைத்த நேரத்திலும் நடந்தவை. ஆய்வகக் குழாயில் இப்படி ஒரு நிலையைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அங்கே நிறுத்துவது என்றால் ஒரு திருகைத் திருப்புவது, அவ்வளவுதான்.

சரி, "ஐந்தே ஆண்டுகள்" என்பதற்கு வருகிறேன். என் முக்கியமான குறை இதில்தான். உங்கள் படத்தில் தெரிந்த கண்ணாடிக் குழாய், அருகில் நிற்பவரின் கையோடு ஒப்பிட்டால், ஒரு சாண் அகலம்கூட இருக்காது. அந்தக் குழாயில் குமிழி எவ்வளவு பெரிதாக முடியும்? குழாயின் அகலம்தான் எல்லை. அதையே ஐந்து மீட்டர் அகலப் பாத்திரத்தில் ஓட்டினால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளரும். வளர வளர வேகமாக எழும்பும். 10 சென்டிமீட்டர் குமிழி நொடிக்குச் சுமார் 70 சென்டிமீட்டர் வேகத்தில் எழுந்தால், ஒரு மீட்டர் குமிழி 2 மீட்டருக்கும் மேல் போகும். அதே வாயு, அதே பொடி, அதே வெப்பநிலை. ஆனால் வாயு பொடியோடு இருக்கும் நேரமும் உரசிக்கொள்ளும் பரப்பும் குறைந்துவிட்டன. சிறிய குழாயில் 95 விழுக்காடு நடந்த வினை பெரிய பாத்திரத்தில் பாதியாகக் குறைந்தாலும் அனுபவசாலிகள் ஆச்சரியப்படமாட்டார்கள்.

இதற்குப் பாடப்புத்தக உதாரணம் டெக்சாஸின் பிரௌன்ஸ்வில்லில் 1950-ல் தொடங்கிய ஹைட்ரோகால் ஆலை. இயற்கை எரிவாயுவிலிருந்து பெட்ரோல் செய்யும் ஆலை. சோதனை உலையில் நன்றாக வந்த வினை, பெரிய உலையில் எதிர்பார்த்த அளவுக்கு வரவே இல்லை. வருடக்கணக்கில் போராடினார்கள். எரிவாயு விலையும் ஏறியது, 1957-ல் மூடிவிட்டார்கள். "அந்தக் கருத்தே தவறு" என்று பலர் முடிவு கட்டியிருப்பார்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவில் சாசோல் நிறுவனம் 1955 முதல் அதே வேதியியலை, பொடி சுற்றி ஓடும் வேறு வகை உலையில் நடத்திக்கொண்டிருந்தது. அதுவும் ஆரம்பத்தில் படாத பாடு படுத்தியது. அப்புறம் பல பத்தாண்டுகள் கற்றுக்கொண்டு, பிரௌன்ஸ்வில்லில் தோற்றதைப் போன்ற, பொடி வெளியே சுற்றாத படுகைக்கே திரும்பினார்கள். 1995-க்கும் 1999-க்கும் இடையில் அந்நாட்டின் செகுண்டாவிலிருந்த 16 பழைய உலைகளின் வேலையை 8 புதிய உலைகள் எடுத்துக்கொண்டன. அவற்றில் பெரியவை 10.7 மீட்டர் விட்டம் கொண்டவை. கருத்து சரியாகத்தான் இருந்தது. அதைப் பெரிதாக்கும் கலை கைக்கு வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பொடியின் குணத்தையும் உங்கள் கட்டுரை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. 1973-ல் டெரெக் கெல்டார்ட் பொடிகளை நான்கு வகையாகப் பிரித்தார், இன்றுவரை அதுதான் எங்களுக்கு வழிகாட்டி. எஃப்.சி.சி. வினையூக்கி முதல் வகை. சராசரியாக 70 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழிந்தோடும், படுகை மென்மையாக விரியும். மணல் இரண்டாம் வகை, காற்று சற்றே கூடியதும் குமிழி விடும். சிமென்ட், டால்க் போல மிக நுண்ணியவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், காற்று அவற்றில் ஒரு பள்ளத்தைக் குடைந்துகொண்டு போய்விடும். கோதுமை மணி அளவுக்குப் பெரியவை நான்காம் வகை. எந்த வகைப் பொடி என்று சொல்லாமல் ஒரு பாய்மப் படுகையைப் பற்றி எழுதுவது அரைகுறைச் செய்திதான். முதல் வகைக்குள்ளேயே 44 மைக்ரானுக்குக் கீழான நுண்துகள் கொஞ்சம் இருந்தால்தான் படுகை ஒழுங்காக ஓடும். சைக்ளோனில் ஓட்டை விழுந்து அந்த நுண்துகள் பறந்துபோனால், சில நாட்களில் ஓட்டம் முரடாகிவிடும். ரசாயனத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. பொடியின் அளவுக் கணக்கைப் பார்த்த பிறகுதான் காரணம் புரியும்.

கொதிகலனில் வேறு கதை. அங்கே படுகை 850 டிகிரி வாக்கில் ஓடும். அந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. நிலக்கரியோடு சுண்ணாம்புக்கல்லைப் போட்டால் அது கந்தக டைஆக்சைடைப் பிடித்துக் கால்சியம் சல்பேட்டாக்குகிறது, அது சிறப்பாக நடப்பது இந்த வெப்பநிலையில்தான். காற்றிலுள்ள நைட்ரஜன் எரிந்து நைட்ரஜன் ஆக்சைடாவதும் இந்தச் சூட்டில் குறைவு. நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடுதலாக வருவதை மட்டும் விளம்பரங்களில் சொல்லமாட்டார்கள். சாம்பல் அதிகமான கரி, பழுப்பு நிலக்கரி, மரத்துண்டு, கழிவு எதைப் போட்டாலும் எரியும் என்பது இதன் பெருமை. போலந்தின் வகிஷாவில் 2009 முதல் 460 மெகாவாட் அலகு ஒன்று இம்முறையில் ஓடுகிறது, அதைவிடப் பெரியவை பின்னர் சீனாவிலும் கொரியாவிலும் வந்தன.

"எதைப் போட்டாலும்" என்பதை நம்பி வைக்கோலைப் போட்டுப் பாருங்கள். வைக்கோல் சாம்பலில் பொட்டாசியம் அதிகம். அது குவார்ட்ஸ் மணலோடு சேர்ந்து குறைந்த வெப்பநிலையிலேயே உருகும் கண்ணாடியாகும், மணல் மணிகள் ஒட்ட ஆரம்பிக்கும். முதல் அறிகுறி வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளில் தெரியும். இதுவரை ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்த மேல், நடு, கீழ் அளவிகள் மெல்ல மெல்லப் பிரிய ஆரம்பிக்கும். அதற்குள் மணலை இறக்கிப் புதிது போடவில்லை என்றால் படுகை அப்படியே உட்கார்ந்துவிடும். பிறகு நாட்கணக்கில் ஆறவிட்டு, உள்ளே இறங்கி, உளியும் கம்பியும் வைத்துக் கிளிங்கரை, அதாவது உருகி இறுகிய கட்டியை, உடைத்து எடுக்க வேண்டும். முகக்கவசத்துக்குள் வியர்வை வழிய அதைச் செய்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் பேச்சைக் கேட்டிருந்தால், "எந்த எரிபொருளுக்கும் ஏற்றது" என்று யாரும் அலட்சியமாக எழுதமாட்டார்கள்.

பெட்ரோலும் கொதிகலனும் மட்டுமல்ல. பிளாஸ்டிக் பைகள் செய்யும் பாலிஎத்திலீனில் பெரும்பங்கு, யூனியன் கார்பைடு 1968-ல் கொண்டுவந்த வாயுநிலைப் பாய்மப் படுகை வழிமுறையில் பிறப்பது. அங்கே 80 முதல் 100 டிகிரிதான். கொஞ்சம் கூடினாலும் பொடி மென்மையாகி ஒட்டிவிடும், ஒட்டாமல் வைத்திருப்பதே இயக்குபவரின் வேலை. கம்பளி போன்ற செயற்கை இழைக்கான அக்ரிலோநைட்ரைல் 1960 முதல் இப்படித்தான் வருகிறது. துத்தநாகத் தாதுவை வறுப்பது, அலுமினாவைச் சுட்டெடுப்பது, வெள்ளைப் பெயின்ட்டுக்கான டைட்டானியம் தாதுவைக் குளோரினேற்றுவது எல்லாம் இந்த வகையே. சூரியத் தகட்டுக்கான சிலிக்கானை, சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிலேன் வாயுவிலிருந்து மணிமணியாக வளர்க்கிறார்கள், கம்பிகளை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றி வளர்க்கும் பழைய முறையைவிட மின்சாரம் வெகு குறைவு. ஒருவகை அணு எரிபொருளில் அரை மில்லிமீட்டர் யுரேனிய மணிக்கு மேல் கார்பனும் சிலிக்கான் கார்பைடும் அடுக்கடுக்காகப் பூசுவதும் பாய்மப் படுகையில்தான். 2023 டிசம்பரில் சீனாவின் ஷிடாவ்வானில் வணிக இயக்கத்துக்கு வந்த உயர்வெப்ப அணு உலை எரிப்பது அந்த மணிகளைத்தான்.

இப்போது உங்கள் கட்டுரையின் நாயகனுக்கே வருவோம், ஹைட்ரஜன் இரும்பு. இதுவும் புதிதல்ல. டிரினிடாடின் பாயின்ட் லிசாஸில் 1999-ல் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திட்டத்துடன் சர்கோரெட் என்ற ஆலை கட்டப்பட்டது. முழுக்க ஹைட்ரஜன், சுமார் 630 டிகிரி, பாய்மப் படுகை. வேதியியல் வேலை செய்தது, தரமான இரும்பும் வந்தது. ஆலை மட்டும் நிலைத்து ஓடவில்லை. கொரியாவின் போஹாங்கில் ஃபைனெக்ஸ் முறையில் 2007 முதல் ஆண்டுக்கு 15 லட்சம் டன் அலகு ஓடியது, ஆனால் அதில் தாதுவின் ஆக்சிஜனைப் பிடுங்குவது நிலக்கரியிலிருந்து வரும் வாயு. அதே நிறுவனம் இப்போது ஹைட்ரஜனுக்கு மாறும் வழியைத் தேடுகிறது. ஆஸ்திரியாவின் டோனாவிட்ஸில் 2021 முதல் 0.15 மில்லிமீட்டருக்கும் கீழான தாதுப் பொடியை வைத்துச் சோதனை நடக்கிறது. பொடியை உருண்டையாக்கிச் சுடும் செலவை மிச்சப்படுத்தலாம் என்பதுதான் எல்லோருக்கும் ஆசை.

தடை எங்கே என்றால், புதிதாகப் பிறக்கும் இரும்பு ஒட்டும். சூட்டில் தாதுமணியின் மேல் நுண்ணிய இரும்பு மயிர்கள் முளைத்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வெப்பநிலையைக் குறைத்தால் ஒட்டாது, ஆனால் வினை மெதுவாகும். இன்னொன்று, ஹைட்ரஜன் ஆக்சிஜனைப் பிடுங்கும் வினை சூட்டை விழுங்கும். அந்தச் சூட்டைத் தாதுவோடும் வாயுவோடும் முன்கூட்டியே ஏற்றி அனுப்ப வேண்டும், அதற்காகத் தேவைக்கு மேல் பல மடங்கு வாயுவைச் சுழலவிட வேண்டும். உங்கள் கட்டுரையில் பேசப்பட்ட குழுவினர் இந்த இரண்டையும் எப்படிக் கையாளுகிறார்கள் என்று அறிய ஆவலாக இருந்தேன். ஒரு வரிகூட இல்லை.

வருங்காலத்துக்கான மற்றத் திட்டங்களிலும் இதே நிலைதான். உலோக ஆக்சைடுப் பொடியை இரண்டு படுகைகளுக்கிடையே சுற்றவிட்டு, ஒன்றில் காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்றி, மற்றதில் எரிபொருளுக்குக் கொடுத்தால், நைட்ரஜன் கலக்காத கார்பன் டைஆக்சைடு தனியாகக் கிடைக்கும். லூயிஸும் கில்லிலண்டும் 1954-லேயே இதை ஒட்டிய காப்புரிமை ஒன்று பெற்றிருந்தார்கள். சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஓட்டியே காட்டிவிட்டன. இனி கேள்வி, அந்தப் பொடி தேய்ந்து தூசாகாமல் எவ்வளவு காலம் சுற்றும் என்பது. மரத்தை வாயுவாக்கும் இரட்டைப் படுகை ஆஸ்திரியாவின் குஸ்ஸிங்கில் 8 மெகாவாட் அளவில் நன்றாக ஓடியது. அதன் வாரிசாகக் கோதன்பர்க்கில் 20 மெகாவாட் அளவில் மீத்தேன் செய்த ஆலை, தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாத நிலையிலும் 2018-ல் நிறுத்தப்பட்டது, கணக்குக் கட்டுப்படியாகவில்லை. பிளாஸ்டிக் கழிவைச் சூடான மணலில் உடைக்கும் வேலை ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. உருகிய பிளாஸ்டிக் மணலை ஒட்டும், பி.வி.சி. கலந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வந்து குழாயைத் தின்னும் என்ற பிரச்சினைகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

நம்பிக்கையே இல்லாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். மெத்தனாலிலிருந்து எத்திலீனும் புரொப்பிலீனும் செய்யும் முறையைச் சீனாவின் தாலியன் வேதி இயற்பியல் கழகம் எப்படிக் கொண்டுபோனது என்று பாருங்கள். ஆய்வகத்தில் வருடக்கணக்கில் வேலை. பிறகு 2005-06-ல் நாளைக்கு 50 டன் மெத்தனால் போகும் செயல்விளக்க அலகு. அதன் பிறகுதான் 2010-ல் பாவ்டோவில் ஆண்டுக்கு 6 லட்சம் டன் ஆலை. எஃப்.சி.சி.யில் ஏற்கெனவே தெரிந்த பொடி அளவு, தெரிந்த சைக்ளோன், தெரிந்த ரீஜெனரேட்டர் ஆகியவற்றை ஒட்டியே வடிவமைத்ததால் தாவல் பெரிதாக இருந்தும் தடுக்கி விழவில்லை. புதிய வேதியியலைப் பழகிய பொடியின் மேல் ஏற்றினார்கள், என் கண்ணுக்கு அதுதான் கெட்டிக்காரத்தனம்.

கணினியும் கைகொடுக்கிறது, ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 70 மைக்ரான் பொடி ஒரு கன மீட்டரில் 2 லட்சம் கோடிக்கும் மேல் இருக்கும். ஒவ்வொரு துகளையும் தனித்தனியே தொடர்ந்து கணக்கிடும் முறை இதன் பக்கத்தில்கூட வராது. அதனால் துகள் கூட்டத்தை ஒரு நீர்மமாகப் பாவித்துக் கணக்கிடுகிறார்கள், சின்னஞ்சிறு கொத்துகளின் விளைவைச் சூத்திரமாகச் செருகுகிறார்கள். அந்தச் சூத்திரங்களைச் சரிபார்க்க உண்மையான பெரிய உலையின் அளவீடுகள் வேண்டும். நிறுவனங்கள் அவற்றைப் பூட்டி வைத்திருக்கின்றன. எனக்கு உண்மையில் ஆர்வமூட்டுவது மின்சாரத்தால் நேரடியாகச் சூடாக்கும் படுகைகள். கரித்துகள் படுகைக்குள்ளேயே மின்சாரத்தைப் பாய்ச்சி 1,300 டிகிரிக்கு மேல் ஹைட்ரஜன் சயனைடு செய்யும் முறை கனடாவின் ஷாவினிகன் நிறுவனத்திடம் அந்தக் காலத்திலேயே இருந்தது. கரியமில வாயு இல்லாத மின்சாரம் பெருகினால் அந்தப் பழைய யோசனைக்கு மறுவாழ்வு வரலாம்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் செய்தியாளரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆராய்ச்சிக் குழுக்கள் தரும் செய்திக்குறிப்பில் இந்த விவரங்கள் இருக்காது, கேட்டால்தான் வரும். பாத்திரத்தின் விட்டம் எவ்வளவு, நிறுத்தாமல் எத்தனை மணி நேரம் ஓடியது, பொடி எந்த வகை, ஓடி முடித்த பிறகு அதைச் சல்லடையில் சலித்தால் என்ன தெரிகிறது, பறந்துபோன தூசு எத்தனை விழுக்காடு என்று கேட்கலாம். முடிந்தால் மின்சாரம் திடீரென்று போனால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள், அந்தக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் மௌனம் கிடைக்கும். பதிலில் "சில மணி நேரம்" என்று வந்தால் ஐந்தாண்டு என்று எழுத வேண்டாம், "அடுத்த கட்டம் இன்ன அளவு உலை" என்று மட்டும் எழுதுங்கள். வாசகர்கள் அதையும் ஆர்வமாகத்தான் படிப்பார்கள்.

படக்குறிப்புக்கு மட்டும் ஒரு திருத்தம் போடுங்கள். அந்தக் குழு அடுத்த அளவு உலையை ஓட்டும்போது மறுபடியும் போய்ப் பார்த்து எழுதினால், பேனலில் காட்டும் அழுத்த வேறுபாட்டையும் மேல், நடு, கீழ் வெப்பநிலைகளையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அந்த நான்கு எண்களும் இருந்தால் என்னைப் போன்றவர்கள் உள்ளே படுகை எப்படி இருக்கிறது என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செயல்முறைப் பொறியாளர் ஒருவர்